மேடும் மிதிவண்டியும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மிதிவண்டி ஏழையின் வாகனம் என்பர். இயற்பியல் மாணவனுக்கோ அது சக்கரம் கட்டிய ஆய்வுக்கூடம். 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயினால் இயக்கும் ‘ரோவர்’ வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். நாம் இன்று ஓட்டும் கறுப்பு வண்டியும் அடிப்படையில் அதே அமைப்புதான். இவ்வண்டியை நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சாலைகளில் ஓட்டுகையில் இயற்கை என்ன வரி வசூலிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் மட்டத்திலிருந்து ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைத்தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். ஆக, கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுபவர் 400 மீட்டர் ஏறியாக வேண்டும். ஓட்டுபவர் 55 கிலோ, வண்டி 20 கிலோ, மொத்தம் 75 கிலோ எனக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 75 × 9.8 × 400, அதாவது சுமார் 2,94,000 ஜூல். உடல் தான் செலவிடும் ஆற்றலில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிதிக்குத் தருகிறது. எனவே ஏறத்தாழ 300 கலோரி உணவு வேண்டும். ஆறு இட்லி போதும். ஓசூர் மேடு முழுவதையும் ஆறு இட்லியில் ஏறிவிடலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. ஏனெனில் ஈர்ப்பு மட்டுமே நம் பகைவன் அன்று.

டயர் உருளும்போது நசுங்கி நிமிர்கிறது. அதில் வீணாகும் விசையை உருளல் தடை என்கிறோம். நம் தடித்த டயருக்கு அதன் குணகம் 0.008 எனக் கொண்டால், 75 கிலோவுக்கு அவ்விசை சுமார் 6 நியூட்டன். மேலே சொன்ன ஏற்றத்தின் சராசரிச் சரிவும் 50 கிலோமீட்டருக்கு 400 மீட்டர், அதாவது அதே 0.008! சராசரியாகப் பார்த்தால் மேடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே டயரும் இழுக்கிறது. மூன்றாவது பகை காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவரைக் காற்றுத் தள்ளும் விசையும் ஏறக்குறைய 6 நியூட்டன்தான். மூன்றும் சமமாக வந்து நின்றதைக் கண்டு நான் நோட்டை இரண்டு முறை சரிபார்த்தேன். வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஆனால் சாலை சராசரிச் சரிவில் செல்வதில்லை. சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் இடையே மேலுமலையில் ஏறிப் பார்த்தவர்க்கு இது தெரியும். மேடு செங்குத்தாகும்போது ஏன் இறங்கித் தள்ளுகிறோம்? நம் சாதாரண வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் உள்ளன எனக் கொள்வோம். சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் நகரும். அதே நேரத்தில் நம் பாதம் 1.07 மீட்டரே நகர்கிறது. ஆகவே சாலையில் உள்ள எதிர்விசை பாதத்தில் ஐந்து மடங்காகிறது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் மேட்டில் எதிர்விசை சுமார் 66 நியூட்டன். பாதத்துக்குச் சராசரி 333 நியூட்டன். மிதி மேலும் கீழும் இருக்கும்போது கால் அழுத்திப் பயனில்லை. கிடைமட்டமாக வரும் தருணத்திலேயே பலன் மிகுதி. அத்தருணத்தில் தேவை 523 நியூட்டன், அதாவது 53 கிலோ எடை. ஓட்டுபவரின் எடையோ 55! ஒற்றைக் காலில் முழு உடலையும் நிறுத்தினாலும் மிச்சம் இரண்டு கிலோதான். இதற்கு மேல் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது கௌரவமாக இறங்கிவிட வேண்டும். கியர் வண்டி வேலையைக் குறைப்பதில்லை. அதே வேலையைப் பல சுற்றுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவே.

மேட்டைத் தவிர்க்கும் கலையை நதிகளிடம் கற்கலாம். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, இராஜாஜி பிறந்த தொரப்பள்ளிப் பக்கமாகச் சென்று, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், சாத்தனூர், திருக்கோவலூர் எனப் போய்க் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. (கெலவரப்பள்ளியில் மழைக்காலங்களில் மலைபோல் எழும் வெண்ணுரையைப் பற்றி வேதியியல் மாணவர் யாரேனும் எழுத வேண்டும்.) இந்நதியை ஒட்டி மிதிவண்டியில் கடல் வரை செல்லலாம் என்பது என் நெடுநாள் ஆசை. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, திருக்கோவலூர் வழியே கடலூர் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 500 மீட்டர் இறக்கம் அத்தனை தொலைவில் பரவுவதால் கிடைக்கும் உதவி இரண்டு நியூட்டன்கூட இல்லை. இறங்குகிறோம் என்பதே தெரியாது. கடற்கரையை அடைந்தால் மேடே இல்லை. ஆயினும் முற்பகல் கழிந்து கடற்காற்று எழுந்து, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதினால், அதே வேகத்தில் செல்பவருக்குக் காற்றுத்தடை 25 நியூட்டனாகும். 100 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் ஏறுவதற்கு அது சமம். கடற்கரையிலும் மேடு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் விடியுமுன் புறப்படுவது இதனால்தான் போலும்.

இனி, இக்கணக்குகளை நான் போட நேர்ந்த காரணம். என் தந்தை தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் ஊர் பேரண்டப்பள்ளிக்கு அப்பால். நெடுஞ்சாலை வழி 11 கிலோமீட்டர். லாரிகள் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கும். ஊர்களின் ஊடே செல்லும் வழி 14 கிலோமீட்டர். நடுவே ஓர் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். சென்ற ஆண்டு ஒரு லாரியின் காற்றிலேயே அப்பா தடுமாறிப் பள்ளத்தில் விழுந்தார். அன்றிலிருந்து ஊர் வழியில் போகும்படி அம்மாவும் நானும் மன்றாடினோம். “கணக்கு உன்னுது கண்ணு, காலு என்னுது. எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவனுக்கு அந்த மேடு ஆவாது” என்று முடித்துவிட்டார்.

ஆகவே அவர் காலின் கணக்கையே போட்டேன். கூடுதல் மூன்று கிலோமீட்டருக்கு உருளல் தடையும் காற்றும் சேர்ந்து 36,000 ஜூல். கூடுதல் ஏற்றம் சுமார் 40 மீட்டர், அதற்கு 29,000. (இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது குண்டுங்குழியில் பிரேக் கட்டைக்கே போய்விடும்.) மொத்தம் 65,000 ஜூல், சுமார் 14 நிமிட மிதி. அப்பா சொன்னது உண்மைதான். பிறகு அவருடைய வண்டியின் டயரை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் அமிழ்ந்தது. காற்றுக் குறைந்து உருளல் தடை இருமடங்கானால், 11 கிலோமீட்டருக்கு வீணாவது எவ்வளவு? அதே 65,000 ஜூல்! ஓடை மேட்டின் விலையை அவர் அந்த மேட்டைப் பார்க்காமலேயே நாள்தோறும் நெடுஞ்சாலையில் செலுத்தி வந்தார்.

உதவித்தொகைப் பணத்தில் ஒரு கைப்பம்பு வாங்கினேன். கணக்கை அப்பா நம்பினாரா என்பது வேறு. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பகல் ஷிப்டுக்கு ஊர் வழியில்தான் போகிறார். இரவு ஷிப்டுக்கு என் இயற்பியலில் விடை இல்லை. கேழ்வரகு முற்றும் மாதங்களில் சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டங்கள் வந்துவிடுகின்றன. இருட்டில் ஊர் வழி ஆகாது. அந்நாட்களில் அவர் நெடுஞ்சாலையிலேயே வருகிறார். பின்சக்கர மட்கார்டில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருக்கிறோம். பதினொன்றரை மணிக்கு வாசலில் ஸ்டாண்டு போடும் ஓசை கேட்கும் வரை வீட்டில் யாரும் விளக்கை அணைப்பதில்லை.