துருக்கியர் வாளும் அதன் நீரோட்டமும்

பழைய துருக்கி வாளொன்றை நூதனசாலைப் பேழையிற் காண்போரின் கண்ணை முதலிற் கவர்வது அதன் பொன்னே. பிடியிலுள்ள தந்தமும், அலகின்மீது படரும் பொற்கொடியும், அரபு எழுத்தும் பார்வையைத் தம்மிடத்தே நிறுத்திவிடுகின்றன. ஆனால் வாளை வாளாக்கியது அப்பொன்னின் கீழ்க் கிடக்கும் உருக்கு. ஆதலின் உருக்கை முதலிலும் அணியைப் பின்னரும் நோக்குதலே முறையெனக் கருதுகின்றோம்.

ஒட்டோமன் கொல்லர் கையாண்ட உருக்கு, வரியற்ற வெற்றுருக்கு ஒன்றும், நீரோட்டம் போன்ற வரிகளைக் காட்டும் உருக்கு இரண்டுமாக மூவகைப்படும். வெற்றுருக்கைப் பற்றி விரித்தல் வேண்டா. மற்றைய இரண்டையும் 'டமாஸ்கஸ் உருக்கு' என ஒரே பெயராற் சுட்டும் வழக்கினால் விளைந்த மயக்கம் சிறிதன்று. அவை பிறப்பிலேயே வேறானவை.

முதலாவது மூசையுருக்கு. இரும்பை மரத்துண்டு, இலை முதலியவற்றோடு களிமண் மூசையிலிட்டு, வாயை மூடிக் கடுந்தீயில் வைப்பர். இரும்பு காபனை ஏற்று உருகும். மெல்ல ஆறவிட்டால், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு காபன் கொண்ட கட்டி கிடைக்கும். இத்தொழிலாற் பெரும்புகழ் பெற்றது தென்னிந்தியா. நம் ஈழத்துக்கும் இப்புகழிற் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீப்பின் பெயரையும் அந்நூலிற் குறித்துள்ளார்.

இக்கட்டியை வாளாக்குவதிலேதான் கொல்லனின் திறமை இருந்தது. சூடு மிஞ்சினாற் கட்டி சம்மட்டியின்கீழ் நொறுங்கும், வரியும் தோன்றாது. அளவான சூட்டிற் பன்முறை தட்டி நீட்டும்போது, இரும்புக் காபைட்டு என்னும் கடினப் பொருளின் நுண்துணிக்கைகள் அடுக்கடுக்காக அணிவகுக்கின்றன. வனேடியம் போன்ற மூலகங்கள் மிகச் சொற்ப அளவிற் கலந்திருத்தலே இவ்வணிவகுப்புக்குக் காரணமென வெர்கோவன், பென்ட்றே ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினர். பழைய கொல்லன் வனேடியத்தை அறியான். எக்கட்டி நல்ல வரி தரும் என்பதையே அறிந்திருந்தான். அலகின் குறுக்கே பள்ளங்கள் வெட்டி, மீண்டும் தட்டிச் சமமாக்கி, ஏணிப்படி போன்ற வரிகளை வருவித்தலும் உண்டு. 'நாற்பது படிகள்' என்பது அவ்வரிக்கு வழங்கிய பெயர்.

மற்றையது முறுக்கி ஒட்டிய உருக்கு. காபன் மிகுந்ததும் குறைந்ததுமான தகடுகளை அடுக்கித் தீயில் ஒட்டிக் கோலாக்கி, முறுக்கி, அக்கோல்களை அருகருகே இணைத்து அலகின் நடுவுடலாக்குவர். வெட்டும் வாய்க்குத் தனி உருக்கை ஒட்டுவதும் வழக்கம். இங்கே வரி நாடாப் போல ஒழுங்காக ஓடும். கூர்ந்து நோக்கின் ஒட்டுக்கோடும் புலப்படும். மூசையுருக்கில் ஒட்டுக்கோடு இல்லை. மாணவர் இவ்வொன்றை நினைவில் வைத்தாற் போதும்.

இனி அணி. உருக்கிற் கால்வாய் வெட்டி, அதன் அடியை அகலமாக்கிப் பொற்கம்பியை அடித்து இறுக்குதல் ஒரு முறை. மேற்பரப்பிற் குறுக்கும் நெடுக்கும் நுண்கீறல்களிட்டு, மெல்லிய பொன்னை அவற்றின்மேற் பதியவைத்தல் இன்னொரு முறை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும், பொன் உதிர்ந்தவிடத்து உண்மை வெளிப்படும்: முன்னதிற் கால்வாயும் பின்னதிற் கீறல்வலையும் எஞ்சும். மூன்றாவது, இரசத்திற் கரைத்த பொன்னைப் பூசிச் சூடாக்கி இரசத்தை ஆவியாக்குதல். அழகு தந்த அவ்வாவி தொழிலாளியின் உயிருக்கு நஞ்சாயிற்று.

இக்கலையின் உச்சியைக் காணவேண்டின், இஸ்தான்புல் தோப்கப்பி அரண்மனையிலுள்ள சுல்தான் சுலைமானின் யத்தகானைக் காட்டலாம். அகமது தெக்கெலு என்பார் 1526-27இற் செய்த அக்குறுவாளின் அலகில், பறவைநாகமும் சீமுர்க் என்னும் புராணப் பறவையும் பொருதும் காட்சி பொன்னொளியுடன் புடைத்து நிற்கின்றது. எமக்கோ, பொன்னைப் பிடியருகிலும் முதுகிலும் அடக்கி, எஞ்சிய அலகை அதன் நீரோட்டத்துக்கே விட்ட வாள்கள் இன்னும் இனியவை.

அந்நீரோட்டத்துக்குப் பகை துருவொன்றே அன்று. துருவைப் போக்க முனைவோரின் அரத்தாளும் பகையே. அரத்தாளாற் பளபளக்கத் தேய்த்த அலகில் வரி மறைந்து, அரிய மூசையுருக்கும் வெற்றுருக்குப் போலாகிறது. வரி அலகின் உடல் முழுதும் ஓடுவதால், தக்க அமிலத்தால் மெல்ல அரிக்கச் செய்து வல்லார் அதனை மீட்பர். கீறல்வலையோடு தேய்ந்துபோன பொன்னெழுத்தையும், அதிலிருந்த கொல்லன் பெயரையும், அவ்வாறு மீட்டல் இயலாது.