படத்துக்குப் பின்னால் எழுதுங்கள்

அஞ்சல் அட்டையில் கடற்கரை

இந்தியாவில் அஞ்சல் அட்டை 1879-இல் வந்தது. அதன் விலை காலணா. முதலில் வந்த அட்டைகளில் படம் கிடையாது. 1900-ஆம் ஆண்டை ஒட்டிப் படம் அச்சிட்ட அட்டைகள் பரவின.

அப்போது சென்னைக்கு மதராஸ் என்று பெயர். அங்கே வீலே அண்டு கிளைன் என்ற நிழற்படக் கூடம் இருந்தது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் இருந்தது. இவை பட அட்டைகளை வெளியிட்டன. இங்கு வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் அவற்றை வாங்கித் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள்.

கோட்டை, கோயில், கடைத்தெரு ஆகியவை அட்டைகளில் வந்தன. மீனவர்களின் கட்டுமரமும் மசூலா படகும் வந்தன. அந்த அட்டைகள் பல இன்றும் காப்பகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் உள்ளன.

படம் சொல்வது

பழைய படத்தைக் கூர்ந்து பார்த்தால் பல செய்திகள் தெரியும்.

கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும். காய்ந்தால்தான் நன்றாக மிதக்கும். இந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று.

மசூலா படகில் இரும்பு ஆணி இல்லை. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மதராஸ் கரையில் அலை பலமாக மோதும். விறைப்பான படகு அந்த அடியில் உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை இந்தப் படகுகளே.

வலையையும் பாருங்கள். அன்று வலை பருத்தி நூலிலும் சணலிலும் பின்னப்பட்டது. நைலான் வலை பிற்காலத்தில் வந்தது. கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு நிற்கிறது.

படம் சொல்லாதது

படம் எல்லாவற்றையும் சொல்லாது. சில நேரம் தவறாகவும் சொல்லும்.

வண்ண அட்டைகளை எடுத்துக்கொள்வோம். அன்று எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் பிறகு சேர்க்கப்பட்டது. அட்டைகள் பல ஜெர்மனி நாட்டில் அச்சாயின. வண்ணம் சேர்த்தவர் மதராஸ் கடலைப் பார்த்திருக்க மாட்டார். எனவே படத்தில் உள்ள சேலையின் நிறத்தை அப்படியே நம்ப முடியாது.

அன்றைய படப்பெட்டி கனமானது. முக்காலியில் வைத்து, கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார்கள். ஆட்களை நிறுத்தி, அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்த படங்கள் நிறைய உண்டு. அவர்கள் வேலை செய்வது போலத் தோன்றலாம். உண்மையில் படத்துக்காக நின்றிருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. படத்தின் கீழே படகின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்கும். படகில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. படம் எடுத்தவர் கேட்டு எழுதவில்லை. படத்தில் நின்றவர்களில் மிகப் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தின் ஒரு பிரதி அவர்கள் கைக்கு வருவதும் அரிது. அதனால் அவர்கள் யார் என்று சொல்ல இன்று வழியில்லை.

கரை நகர்ந்த கதை

பழைய படங்களால் வேறொரு பயனும் உண்டு. மதராஸ் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் இந்த மாற்றம் தெரியும். ஆனால் படத்தில் இடமும் ஆண்டும் இருந்தால்தான் அப்படி வைத்துப் பார்க்க முடியும்.

சான்று வேண்டும் நாள்

மீனவருக்குக் கடற்கரை வெறும் மணல் அல்ல. படகு நிறுத்துவதும், வலை உலர்த்துவதும், மீன் காயவைப்பதும் அங்கேதான். பல குப்பங்களில் இந்த இடத்துக்குத் தனிப் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கமே உண்டு.

2011-இல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. மீனவர் ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அது சொன்னது. இது போன்ற வேளையில் “எத்தனை காலமாக இங்கே வலை உலர்த்துகிறீர்கள்?” என்று கேள்வி வரும். இடமும் நாளும் எழுதிய பழைய படம் ஒரு துணைச் சான்று. ஒன்றும் எழுதாத படம் எந்தக் கரையின் படமாகவும் இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல்கோளில் வீடுகளோடு படங்களும் போயின. எனவே ஒரு பிரதி ஊரில் இருந்தால் போதாது. வெளியூர் உறவினரிடமும் ஒன்று இருக்கட்டும்.

எப்படி எழுதுவது?

படத்தின் முன்பக்கம் எழுத வேண்டாம். பின்பக்கம், ஓரமாக எழுதுங்கள். மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறும். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். கைப்பேசியில் எடுத்த படமானால், அச்சிட்டு எழுதி வைப்பது நல்லது.

ஊரில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், “பெரும்புயல் வந்த ஆண்டு” என்பது போல அடையாளம் எழுதலாம். பெண்களின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். “இன்னாருடைய மனைவி” என்று மட்டும் எழுதினால் போதாது.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். பின்பக்கம் இவற்றை நிரப்புங்கள்.

இடம்: ............
நாள் அல்லது ஆண்டு: ............
இடமிருந்து வலமாக நிற்பவர்கள்: ............
செய்யும் வேலை: ............
சொன்னவர் பெயர்: ............
எழுதியவர் பெயர்: ............

கேள்விகள்

1. கட்டுமரத்தை ஏன் அவிழ்த்துக் காயவைத்தார்கள்?
2. மசூலா படகில் ஆணி அடிக்காதது ஏன்?
3. பழைய அட்டையின் வண்ணத்தை ஏன் நம்ப முடியாது?
4. உங்கள் ஊரில் எல்லோரும் பயன்படுத்தும் பொது இடம் எது? அதன் பழைய படம் யாரிடம் இருக்கிறது? விசாரித்து எழுதுங்கள்.