நேர்முகத் தேர்வில் என்ன கேட்க வேண்டும்?



நம் சங்கப் பிள்ளைகள் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம், "இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் சார்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். இன்று எழுத்தராகச் சேருபவர்தானே நாளை ஓர் அலுவலகத்தையே நடத்தப் போகிறார்!

சித்தூர் சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில், 1929-ல், இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையம் சென்னையில் அமைந்தது. அன்று முதல் நேர்முகத் தேர்வின்மேல் சந்தேகமும் உண்டு. வேண்டியவருக்கு மதிப்பெண் போடலாம் அல்லவா? 1985-ல் அரியானா வழக்கொன்றில், நேர்முகத்துக்கு 12.2 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2016 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே இல்லை. 2019-ல் ஆந்திரத்தின் கிராம, வார்டு செயலகங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களை எழுத்துத் தேர்வின் மூலமே நிரப்பினார்கள்.

சிபாரிசுக்கு வழி அடைபட்டது நல்லதே. ஆனால் நெருக்கடியில் நாலு பேரை வழிநடத்தக்கூடியவர் யார் என்பதை வினாத்தாள் காட்டாது.

2021 நவம்பர் மழையை நம்மால் மறக்க முடியுமா? திருப்பதி அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே உள்ள ஊர்மக்களை வெளியேறச் சொன்னார்கள். இதையே கேள்வியாக்கிப் பாருங்கள்: "ஆடு மாடுகளை விட்டு வரமாட்டோம் என்று ஒரு தெருவே மறுக்கிறது. உங்களிடம் ஒரு டிராக்டர்; இரண்டு மணி நேரம். முதலில் என்ன செய்வீர்கள்?" இதற்கு எந்த கைடிலும் விடை கிடையாது.

இக்கேள்வியை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். எது நல்ல பதில், எது நடுத்தரம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். குழுவினர் தங்களுக்குள் பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். ஷ்மிட், ஹண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-ல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பின்னாளைய பணித்திறனோடு இவ்வகை நேர்காணலுக்கு இருந்த தொடர்பு 0.51, மனம்போன போக்கில் கேட்பதற்கு 0.38. 2022-ல் வந்த மறு ஆய்வு எண்களைக் குறைத்தாலும், தேர்வு முறைகளில் முதலிடம் இதற்கே கிடைத்தது. (வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் நால்வகைச் சோதனை சொல்கிறார். பொது அறிவுக் கேள்வி அதில் இல்லை!)

நடந்ததைக் கேட்பது இன்னொரு வழி. "நீங்கள் முன்னின்று முடித்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்." "நாங்கள் செய்தோம்" என்பவரிடம் "அதில் உங்கள் பங்கு என்ன? யார் எதிர்த்தார்கள்? அவர்களிடம் எப்படிப் பேசினீர்கள்?" என்று தொடர வேண்டும். இரண்டாம் கேள்வியிலேயே வேஷம் கலைந்துவிடும்.

நம்மவர்க்கு உள்ள இடைஞ்சல் மொழி. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ தடுமாறினால், சரளமாகப் பேசுபவரே தலைவர்போல் தோன்றிவிடுகிறார். பேச்சுத்திறனுக்குத் தனியாக மதிப்பெண் இட்டால் இந்த மயக்கம் குறையும். மத்தியத் தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் மெயின் தேர்வைத் தமிழில் எழுதியவர், 275 மதிப்பெண் கொண்ட நேர்முகத்திலும் தமிழிலேயே பதில் சொல்லலாம். இது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: கல்லூரி விழா, கோயில் அன்னதானம், தெருக்குழாய்த் தகராறு என்று தாங்கள் பொறுப்பேற்ற மூன்று காரியங்களை நோட்டில் எழுதட்டும். எதிர்த்தவர் சொன்ன நியாயத்தையும் சேர்த்தே எழுதட்டும். பிறகு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், மேலே சொன்னபடி, குறுக்குக் கேள்வி கேட்கலாம்.