வாய்க்கால் பாலத்துக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்காலில் சிறுபாலம் உடைந்து இரண்டு வருடமாகிறது. எம்.எல்.ஏ., கலெக்டர், ஊராட்சி என்று எல்லோரிடமும் மனு கொடுத்துவிட்டோம். பணம் எங்கிருந்துதான் வரும்?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: இரண்டு வருடம் அதிகம்தான். ஆனால் அடுத்த மனு எழுதுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பாலம் இருக்கும் சாலை யாருடையது? ஊராட்சியா, ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா? பல மனுக்கள் இங்கேதான் முடங்குகின்றன. சம்பந்தமில்லாத மேஜைக்குப் போய்விடுகின்றன. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும். பாலத்தைத் தீர்மானமாகப் பதியவைத்து, நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடும் வாங்கிவிட்டால் உங்கள் கையில் வெறும் கோரிக்கை இல்லை, ஒரு திட்டம் இருக்கிறது.

அதன் பிறகுதான் பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, எம்.பி. தொகுதி நிதி (ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கும்), ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம் எல்லாம் உண்டு. ஊரார் பங்கு போட முடிந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தையும் விசாரியுங்கள். ஒரே வேலையை நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்காதீர்கள். ஒருவர் செய்வார் என்று மற்றவர் விட்டுவிடுவார். பாலத்துக்கு ஒருவரிடம், அணுகுசாலைக்கு இன்னொருவரிடம் கேளுங்கள். கடிதங்கள் அத்தனையும் ஒரே ஆளிடம், ஒரே கோப்பில் இருக்கட்டும்.