தினை பிஸ்கட்டில் தினை எவ்வளவு?

ஓம் சரவணபவ! சஷ்டி வந்தாலே நம்ம குரூப்ல ஒரு கேள்வி வரும்: "விரதத்துக்கு தினை பிஸ்கட், தினை நூடுல்ஸ் சாப்பிடலாமா?"

வள்ளி காவல் காத்தது தினைப்புனம். முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைப்பதும் அந்த நினைவில்தான். ஆனா பாக்கெட் மேல தினைக்கதிர் படம் போட்டுட்டா உள்ளே இருப்பது தினை ஆகிடுமா? நான் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கவே மாட்டேன். எடையில் அதிகமாக உள்ள பொருளைத்தான் முதலில் அச்சிட வேண்டும், இது நம் நாட்டு விதி. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில் என்று இருந்தால் தினை சும்மா பேருக்குத்தான்!

அதுக்கு தினையாவே வாங்கிடுங்க. உமி மட்டும் நீக்கிய தினை மங்கலான மஞ்சளாக இருக்கும். ரொம்பத் தீட்டினால் தவிடு போகும், கூடவே நார்ச்சத்தும் போயிடும். (தீட்டாத தினை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சமா வாங்கினா போதும்.) ஒரு பங்கு தினையை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரை பங்கு தண்ணீரில் வேகவைத்தால் சாதம் ரெடி. ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்க சின்ன குக்கரிலேயே செஞ்சிடலாம்.

தினைமாவுக்கு, தினையை வாசனை வர வறுத்து, பொடித்து, தேன் விட்டுப் பிசைந்தால் போதும். தேனும் இனிப்புதானே, சர்க்கரை நோய் உள்ள அப்பா அம்மாவுக்கு தினை உப்புமாவே நல்லது, அதையும் அளவாகக் கொடுங்க.

முழு உபவாசம் இருப்பவர்கள் அவரவர் வீட்டு வழக்கப்படி செய்யுங்க. நான் விரதம் முடிக்கும்போது முதலில் ஒரு வாழைப்பழம், கொஞ்ச நேரம் கழிச்சு தினைக்கஞ்சி. சிப்ஸ் பாக்கெட் பக்கம் போறதில்லை.

வேலும் மயிலும் துணை!