முதல் மணி நேரத்தை நம்பாதே

டெலானிபூர் வீட்டிற்கு விடுமுறையில் வந்திருந்த மகளிடம், "ஆய்வகத்தில் என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டேன். தமிழ்நாட்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவள் அவள். "மெத்தனாலை ஒலிஃபீனாக மாற்றும் வினையூக்கிகளைச் சோதிக்கிறேன் அப்பா" என்றாள். அவள் விளக்கியதை நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

எத்திலீன், புரொப்பிலீன் முதலிய வாயுக்களே ஒலிஃபீன்கள். நாம் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் குடமும் வாளியும் இவற்றிலிருந்து பிறந்தவை. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறார்கள். நிலக்கரியிலிருந்து மெத்தனால் செய்து, அதிலிருந்தும் பெறலாம். சீனாவின் பாவோத்தோவில் 2010-இல் ஆண்டுக்கு 6 லட்சம் டன் ஒலிஃபீன் தரும் ஆலை இம்முறையில் தொடங்கியது.

இதற்கான வினையூக்கிகளில் புகழ்பெற்றது சாப்போ-34. இந்தப் படிகத்தின் துளைவாய் சுமார் 0.38 நானோமீட்டர்தான். சிறிய ஒலிஃபீன்கள் வெளியேறிவிடும்; பெரிய மூலக்கூறுகள் உள்ளே சிக்கிக் கரியாகும். கரி நிறைந்தால் வேலை நிற்கும். சூட்டில் காற்றைச் செலுத்திக் கரியை எரித்தால், வினையூக்கி மீண்டும் உயிர்பெறும்.

சோதிப்பது எப்படி? குழாயில் வினையூக்கியை அடைத்து, 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, மெத்தனால் ஆவியைச் செலுத்துவார்கள். வெளிவரும் வாயுவை அவ்வப்போது பகுத்துப் பார்ப்பார்கள்.

என் மகள் இரண்டு வினையூக்கிகளைச் சோதித்தாள். இரண்டிலும் மெத்தனால் 100 சதவீதம் மாறியது. "இரண்டும் சமம்" என்று குறிப்பேட்டில் எழுதி, கருத்தரங்கில் சொல்லவும் தயாராகிவிட்டாள். அவளுடைய ஆசிரியரோ, "மெத்தனால் அளவை மாற்றாதே, வினையூக்கியைப் பாதியாக்கு" என்றார். அப்படிச் செய்ததும் ஒன்று விரைவிலேயே சோர்ந்தது; மற்றொன்று நெடுநேரம் நின்றது.

காரணம் எளிது. மணல் வடிகட்டியின் மேலடுக்கில் சேறு அடைத்தாலும், கீழடுக்கு நன்றாக இருக்கும்வரை தெளிந்த நீரே வரும். குழாயிலும் அப்படித்தான். மேற்பகுதி செத்தாலும், மீதிப் பகுதி அதை மறைத்துவிடும். 100 என்ற எண் அந்தக் குறையைக் காட்டாது.

கணக்கும் சரிபார்க்க வேண்டும். 64 கிராம் மெத்தனால் முழுவதும் எத்திலீனானால், 28 கிராம் எத்திலீனும் 36 கிராம் நீரும் வரவேண்டும். உள்ளே போன கார்பன் முழுவதும் வெளியே வராவிட்டால், ஒன்று குழாய் கசிகிறது. அல்லது கரி படிகிறது.

மகள் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, அருகில் புதிய முடிவை எழுதினாளாம். அவள் வாங்கிய மதிப்பெண்களைவிட அந்தக் கோடு எனக்குப் பெருமை தந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: 32 கிராம் மெத்தனாலிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிராம் எத்திலீன் கிடைக்கும்?