ஒரே முட்டை, இரண்டு வாழ்க்கை



தேனீப் பெட்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "பெட்டியில ராணி செத்துப் போச்சுன்னா அவ்வளவுதானா?" இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் பெட்டியையும் காப்பாற்றலாம், அதுக்கு வாங்கின கடனையும் கட்டலாம். அதுதான் இந்த மாதப் பாடம்.

பெட்டிக்குள் யார் யார்?

நாம் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ. கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பு, ஆண்டிபட்டி முருங்கைத் தோட்டம், மலை மேலே ஏலத்தோட்டம் எல்லாம் இதுக்கு மேய்ச்சல் நிலம். தேனீ வராத ஏலத்தோட்டத்தில் காய் பிடிப்பதே குறைந்துபோகும்.

ஒரு பெட்டியில் ராணி ஒன்றுதான். ஆண் தேனீக்கள் கொஞ்சம். மற்ற ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண். ராணி இரண்டு மூன்று வருடம் வாழ்ந்து முட்டையிடும். வேலைக்காரி பூ சீசனில் ஆறு வாரம் உழைத்துச் செத்துப்போகும்.

எப்படி இந்த வித்தியாசம்?

ராணி சாதி முட்டை, வேலைக்காரி சாதி முட்டை என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. கருவுற்ற முட்டை எதுவும் ராணியாகலாம், வேலைக்காரியாகவும் ஆகலாம். மூன்று நாளில் முட்டை பொரிந்து புழு வரும். முதல் மூன்று நாளைக்கு எல்லாப் புழுவுக்கும் வெள்ளைக் கூழ் கிடைக்கும். இதைத்தான் ராயல் ஜெல்லி, அரசக் கூழ் என்கிறார்கள். அதற்குப் பிறகு வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த தீனி. ராணிக்கென்று தேர்ந்தெடுத்த புழுவுக்கு மட்டும் கடைசி வரை கூழ், அதுவும் வயிறு நிறைய. அதன் அறையும் பெரியது. நிலக்கடலை மாதிரி கீழே பார்த்துத் தொங்கும்.

உடம்புக்குள் நடப்பதை நம்ம அடுப்படியை வைத்தே புரிந்துகொள்ளலாம். அஞ்சறைப் பெட்டி ஒன்றுதான். எதை எடுக்கிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம் என்பதில்தான் ரசமா குழம்பா என்பது இருக்கிறது. மரபணுவும் அப்படித்தான். ராணிக்கும் வேலைக்காரிக்கும் மரபணு ஒரே மாதிரிதான். சில மரபணு மேல் மெத்தில் என்ற மிகச் சிறிய வேதிப்பொருள் ஒட்டும். எது வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பதை இதுமாதிரி அடையாளங்கள் மாற்றுகின்றன. கிடைக்கும் தீனியைப் பொறுத்து இந்த அடையாளமும் மாறுகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், இப்படி ஒட்டவைக்கும் நொதியைப் புழுக்களில் குறைத்துப் பார்த்தார்கள். அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை ராணி மாதிரி வளர்ந்தன!

ராணி போய்விட்டால்...

ராணியின் உடம்பில் இருந்து வரும் வாசனைப் பொருள் வேலைக்காரிகளின் சூல்பையை வளரவிடாது. ராணி இல்லாமல் சில நாள் போனால், வேலைக்காரிகளே முட்டையிட ஆரம்பித்துவிடும். அவை ஆணோடு சேராதவை. அதனால் அந்த முட்டையில் ஆண் தேனீ மட்டுமே வரும். வேலைக்கு ஆளில்லாமல் பெட்டி காலியாகும். அதனால்:

1. வாரம் ஒருமுறை புழு அறையைப் பாருங்கள். ராணி கண்ணில் படாவிட்டாலும், அறைக்கு ஒன்றாக முட்டை இருந்தால் பயமில்லை.

2. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தால், வேலைக்காரி இடும் முட்டை என்று சந்தேகப்படுங்கள்.

3. ராணி இல்லை என்று தெரிந்ததும், நோயில்லாத வேறு பெட்டியில் இருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்து வையுங்கள். அதில் ராணி இல்லையே என்று பார்த்து எடுங்கள். தேனீக்களே ஒரு புழுவுக்குக் கூழ் ஊட்டி ராணியாக்கிவிடும். வளர்ந்த புழு உதவாது. மூன்று நாளுக்கு உட்பட்ட புழுதான் வேண்டும்.

4. முட்டை வைத்த நாளில் இருந்து சுமார் 16 நாளில் ராணி வெளிவரும். அது பறந்துபோய் ஆணோடு கூடி வந்து முட்டையிட மேலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

சந்தேகம் இருந்தால் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்கள்.

நமக்கும் ஒரு பாடம்

மனுஷி தேனீ இல்லை. கூழ் குடித்து யாரும் ராணியாக முடியாது. ஆனால் காலத்தில் கிடைக்கும் தீனிதான் உடம்பை உருவாக்கும் என்பது நமக்கும் பொருந்தும். கருவில் இருந்து இரண்டு வயது வரை உள்ள முதல் 1000 நாட்களில் குறைந்த ஊட்டத்தைப் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம். அங்கன்வாடி சத்துமாவு வீட்டில் யாருக்குப் போகிறது? "பொம்பளப் பிள்ளதானே" என்று அக்காவின் தட்டில் இருந்த முட்டை தம்பி தட்டுக்கு மாறுகிறதா? இதை நாம்தான் கவனிக்கணும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2012-ல் அமெரிக்காவில், புழு வளர்க்கும் தேனீக்களைக் கூட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே பூவுக்குப் போய்க்கொண்டிருந்த மூத்த தேனீக்களில் சில திரும்ப வந்து புழு வளர்க்க ஆரம்பித்தன. அவற்றின் மூளையில் இருந்த மெத்தில் அடையாளங்களில் பலவும் பழையபடி மாறியிருந்தன. கூட்டுக்குத் தேவை வந்தால் மூத்த தேனீயும் வேலை மாறுகிறது. "எனக்கு வயசாயிருச்சு, கணக்கு நோட்டெல்லாம் இனிமே எதுக்கு" என்று சொல்லும் அக்காக்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள்!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் குழுவில் எத்தனை பேரிடம் பெட்டி இருக்கிறது? ராணி இல்லாத பெட்டிக்கு யார் சட்டம் கொடுத்து உதவலாம்?
* கர்ப்பிணி உறுப்பினரும் பெண் பிள்ளைகளும் இந்த வாரம் என்ன சாப்பிட்டார்கள்?
* அடுத்த முறை கணக்கு எழுதப் புதிதாக யாரைப் பழக்கலாம்?